காளவாயும் தண்டவாளமும்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையின் வெள்ளை வாசலைத் தாண்டி பத்மநாபசுவாமி கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. சிமெண்ட் வருவதற்கு முன்னால் இந்த வாசலையும் மதிலையும் மாளிகைகளையும் எதை வைத்துப் பூசினார்கள்? சுண்ணாம்புக் காரை என்று பாட்டிமார்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். அதற்கு அடுத்த கேள்விதான் ஆளைத் திணறடிக்கிறது. அத்தனை சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?

இந்த ஊரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் கருங்கல் கிடைக்கும், அல்லது கேரளத்தில் வெட்டுக்கல் என்று சொல்லும் செம்புரான்கல் கிடைக்கும். இரண்டிலும் சுண்ணாம்பு எடுக்க முடியாது. வடக்கே வர்க்கலாவின் கடற்கரைக் குன்றுகள் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கியவை. இன்னும் வடக்கே, அஷ்டமுடிக் காயல் ஓரம் படப்பக்கரையில் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் தலை காட்டுகிறது. ஆனால் அது மெல்லிய படுகை. கேரளத்தில் பெரிய அளவில் சுண்ணாம்புக்கல் வேண்டுமென்றால் பாலக்காட்டுப் பக்கம் வாளையாருக்குத்தான் போக வேண்டும்.

இதோடு சேர்த்துப் பார்க்க இன்னொரு புதிரும் உண்டு. உலகில் கைவிடப்பட்ட பெரிய சுண்ணாம்பு ஆலைகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். பக்கத்திலேயே வெட்டிய பள்ளம், பள்ளத்தின் விளிம்பில் காளவாய், காளவாயின் அடியில் தண்டவாளம். கேரளத்தின் பழைய சுண்ணாம்புச் சூளைகளோ காயல் கரைகளிலும் படகுத் துறைகளிலும் கட்டுமானம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் இருந்தன. ஒரே பொருள், ஒரே நெருப்பு. இடம் மட்டும் ஏன் மாறுகிறது? இரண்டு புதிர்களுக்கும் விடை ஒரு தராசுத் தட்டில் இருக்கிறது.

கல்லுக்குள் ஒரு வாயு

கருங்கல்லைச் சுட்டால் அது வெடிக்கலாம், ஆனால் கருங்கல்லாகவே இருக்கும். சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் சில மணி நேரம் வைத்திருந்தால், வெளியே வருவது வேறு பொருள். உருவம் ஏறத்தாழ அதேதான். கையில் எடுத்தால் கனம் வெகுவாகக் குறைந்திருக்கும். எடை எங்கே போனது?

எடின்பரோவில் ஜோசப் பிளாக் என்ற மருத்துவர் இதைத் தராசு கொண்டு ஆராய்ந்து 1756-ல் வெளியிட்டார். கல்லுக்குள் ஒரு வாயு சிறைப்பட்டிருக்கிறது, நெருப்பு அதை விடுவிக்கிறது, எடைக் குறைவு அந்த வாயுவின் எடைதான் என்று காட்டினார். இன்று அதைக் கரியமில வாயு என்கிறோம். வாயுவுக்கும் எடை உண்டு, அது திடப்பொருளுக்குள் குடியிருக்கலாம் என்பது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. நவீன வேதியியலின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று சுண்ணாம்புக்கல் என்று தயங்காமல் சொல்லலாம்.

வாயு போனபின் மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் அது கொதித்து, பூத்து, பொடியாகும். இதற்குச் சுண்ணாம்பை நீற்றுதல் என்று பெயர். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. அதாவது கொத்தனார் சுவரில் பூசுவது கல்லாகத் திரும்பிக்கொண்டிருக்கும் கல்.

ஒரு டன் கல்லின் கணக்கு

சுத்தமான சுண்ணாம்புக்கல் ஒரு டன், அதாவது 1,000 கிலோ எடுத்துக்கொள்வோம். இந்த ஒரு கணக்கைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

காளவாயில் அது 440 கிலோ கரியமில வாயுவை இழக்கிறது. கையில் மிஞ்சுவது 560 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அந்த 440 கிலோ வாயு எவ்வளவு இடம் பிடிக்கும்? நம் ஊர் வெப்பத்தில் சுமார் 245 கன மீட்டர். பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஒரு கூடத்தை நிரப்பிவிட்டு இன்னும் கொஞ்சம் மிஞ்சும். இவ்வளவும் ஒரு மாட்டு வண்டிக் கல்லுக்குள் அடங்கியிருந்தது.

இப்போது நீற்றுவோம். 560 கிலோ சுட்ட சுண்ணாம்பு 180 லிட்டர் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 740 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகிறது. இது ஊறுவதற்கான தண்ணீர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பொருளின் பகுதியாகவே ஆகிவிடும் தண்ணீர் இது. அப்போது வெளிப்படும் வெப்பம் 2,000 லிட்டர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அந்த வெப்பம் காளவாயில் எரித்த விறகு கொடுத்து வைத்ததில் ஒரு பங்கு. சுண்ணாம்பு அதைப் பத்திரமாக வைத்திருந்து, தண்ணீர் பட்டதும் திருப்பித் தருகிறது.

கடைசியாகச் சுவர். 740 கிலோ நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருந்து 440 கிலோ கரியமில வாயுவை வாங்கி, 180 கிலோ தண்ணீரை ஈரமாக வெளியே விட்டு, மறுபடியும் 1,000 கிலோ கல்லாகிறது. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். ஆனால் கடைசிப் படிக்கு அவசரமே கிடையாது. பூச்சின் மேற்பரப்பு வாரங்களில் இறுகும்; தடித்த மதிலின் உள்ளே நூற்றாண்டுகள் கழிந்தும் கல்லாகாத சுண்ணாம்பு இருப்பதுண்டு. பழைய கட்டடங்களைப் பராமரிப்பவர்கள் உதிர்ந்த காரைத் துண்டின் புதிய உடைவில் பினால்ப்தலின் என்ற கரைசலை ஒரு சொட்டு விடுவார்கள். ஊதா கலந்த சிவப்பு தெரிந்தால் அங்கே சுண்ணாம்பு இன்னும் கல்லாகவில்லை. நிறம் மாறாவிட்டால் அந்த இடம் கல்லாகிவிட்டது.

இனி சுமப்பவரின் கண்ணால் இந்தக் கணக்கைப் பாருங்கள். காளவாய் கல் வெட்டும் இடத்தில் இருந்தால் வண்டியில் ஏற்ற வேண்டியது 560 கிலோ. தொலைவில் ஊருக்குள் இருந்தால் 1,000 கிலோ. வழி நெடுகச் சுமப்பதில் கிட்டத்தட்ட பாதி, கடைசியில் ஊர்க்காற்றில் கலக்கப்போகும் வாயு. அந்த வாயுவுக்கு வண்டி வாடகை கொடுக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது.

எரிபொருளும் கணக்கில் வரும். வெப்பம் துளிகூட வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு டன் கல்லுக்குச் சுமார் 120 கிலோ உலர்ந்த விறகு வேண்டும். பழைய திறந்த காளவாய்கள் இதைப் போலப் பல மடங்கு தின்றன. எனவே கல்லின் பக்கத்தில் காளவாய், எரிபொருளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சுண்ணாம்பை ஏற்றிச் செல்ல ஒரு தண்டவாளம் என்ற அமைப்பு தானாகவே உருவாகிறது. காளவாயைச் சரிவில் குடைந்து கட்டியதற்கும் காரணம் இருந்தது. மேல் மட்டத்தில் கல்லையும் கரியையும் கொட்டுவார்கள். கீழ் மட்டத்தில் வாயைத் திறந்து சுண்ணாம்பை வாரி நேரே சரக்கு வண்டியில் போடுவார்கள். நடுவில் தூக்குகிற வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

கேரளத்தில் மட்டும் ஏன் மாறியது

கேரளத்தில் கல்லுக்குப் பதில் கக்கை. காயல்களில் வாழும் மட்டியின் ஓட்டை மலையாளத்தில் கக்க என்பார்கள். வேம்பநாட்டுக் காயலின் கறுப்பு மட்டியை உயிரோடு அள்ளி இறைச்சியை உண்பார்கள், ஓட்டைச் சுடுவார்கள். காயலின் அடியில் காலங்காலமாகப் படிந்து கிடக்கும் பழைய ஓடுகள் வெள்ளைக் கக்கை. முகம்மா, வைக்கம் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறைகளாக இந்தத் தொழிலில் இருக்கின்றன. சுட்டதற்கு நீற்றுகக்க என்றும், அதிலிருந்து செய்யும் காரைக்குக் கும்மாயம் என்றும் பெயர். வேதியியலுக்குக் கல்லும் ஓடும் ஒன்றுதான். மேலே போட்ட ஒரு டன் கணக்கு எண் மாறாமல் கக்கைக்கும் பொருந்தும்.

அப்படியென்றால் கக்கையையும் அள்ளும் இடத்திலேயே சுட்டு, பாதி எடையோடு அனுப்பியிருக்க வேண்டாமா? இங்கே இரண்டாவது எதிரி குறுக்கே வருகிறது. எடை முதல் எதிரி என்றால் ஈரம் இரண்டாவது.

சுட்ட சுண்ணாம்பில் மழை பட்டால் வழியிலேயே நீறத் தொடங்கும். 560 கிலோ சரக்கு 2,000 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தை வைத்திருக்கிறது என்று பார்த்தோம். மரப் படகில், ஓலைக் கூரையின் கீழ், அந்த வெப்பம் வெளிப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சுட்ட சுண்ணாம்பு ஏற்றிய மரக்கப்பல்கள் நீர் கசிந்து தீப்பிடித்த செய்திகள் கடல் வரலாற்றில் உண்டு. அதோடு நீறும்போது சுண்ணாம்பு பருத்துப் பெருகும். கலத்தின் பக்கங்களை நெருக்கி உடைக்கவும் வல்லது.

இரண்டு பருவமழைகள் பெய்யும் நாட்டில், திறந்த காயலில், இந்த ஆபத்தை யார் விலைக்கு வாங்குவார்கள்? சுடாத கக்கைக்கோ நனைந்தால் ஒன்றும் ஆகாது. அது தண்ணீரிலேயே பிறந்தது. படகில் எடை ஏற்றவும் அதிகச் செலவில்லை: ஒரு மாட்டு வண்டி திணறும் சுமையை ஒரு கெட்டுவள்ளத்தில் இரண்டு பேர் கழி ஊன்றித் தள்ளிப் போய்விடுவார்கள். ஆகவே கக்கையைக் கக்கையாகவே ஏற்றி, வேலை நடக்கும் இடத்துக்கு அருகே சுட்டு, உடனே நீற்றுவது இந்த நிலத்துக்குப் பொருத்தமான வழி.

திருவனந்தபுரத்துக்கு அந்த நீர்வழி முழுமையாக அமைந்தது 19-ஆம் நூற்றாண்டில். ராணி கௌரி பார்வதி பாயியின் ஆட்சியில், 1820-களில், வள்ளக்கடவிலிருந்து கடினங்குளம் காயலுக்குப் பார்வதி புத்தனார் கால்வாய் வெட்டப்பட்டது. அதற்கு வடக்கே வர்க்கலாக் குன்றுகள் வழியை மறித்து நின்றன. அவற்றைக் குடைந்து சுரங்கக் கால்வாய் போடும் வேலை 1867-ல் தொடங்கியது. அது முடிந்தபின் கொல்லம், ஆலப்புழைக் காயல்களிலிருந்து படகை விட்டு இறங்காமலே தலைநகருக்கு வர முடிந்தது. ரயில் மிகவும் பின்னால் வந்தது. கொல்லத்திலிருந்து மீட்டர் கேஜ் பாதை 1918-ல் திருவனந்தபுரத்துச் சாக்கையை எட்டியது. தம்பானூருக்கு நீட்டியது 1931-ல். முதல் ரயில் முனையம் கால்வாய்க்குப் பக்கத்திலேயே அமைந்தது தற்செயலாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். சரக்கு அதுவரை தண்ணீரில்தானே வந்துகொண்டிருந்தது.

காங்கேசன்துறை

எடையும் ஈரமும் சேர்ந்து ஓர் ஆலையின் இடத்தை எப்படி முடிவு செய்கின்றன என்பதற்கு, தமிழர் வாழும் நிலத்தில் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி யாழ்ப்பாணத்தின் வடக்கு முனையில் நிற்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் ஒரே சுண்ணாம்புக்கல் பலகை. அதுவும் மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது, கொல்லத்துப் படப்பக்கரைப் படுகையைப் போலவே. ஒன்று மெல்லிய படுகையாக நின்றுவிட்டது. மற்றது ஒரு குடாநாட்டையே தாங்குகிறது. வட இலங்கை ரயில் பாதை 1905-ல் காங்கேசன்துறை வரை முழுதாகத் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே துறைமுகம். கல்லும் தண்டவாளமும் கடலும் ஒரே இடத்தில் கூடியபின் ஆலை வருவதற்குத்தான் காலதாமதம். ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது, 1950-ல், அங்கே அரசின் சிமெண்ட் தொழிற்சாலை தொடங்கியது.

சிமெண்ட் என்பது சுண்ணாம்பின் அடுத்த தலைமுறை. சுண்ணாம்புக்கல்லோடு களிமண்ணைச் சேர்த்து 1,450 டிகிரி வரை சுட்டால் இரண்டும் ஓரளவு உருகி இணைந்து கட்டிகளாகும். அவற்றை அரைத்தால் சிமெண்ட். முதல் படி அதே பழைய படிதான், கல் தன் வாயுவை இழக்கும் படி. யாழ்ப்பாணத்தில் கல் ஏராளம், தகுந்த களிமண் இல்லை. களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. தலைமன்னார்ப் பாதையில் ஏறி, மதவாச்சியில் திரும்பி, வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் கடந்து வடமுனைக்கு மண் பயணம் செய்தது.

இவ்வளவு தூரம் மண்ணைச் சுமப்பதற்குப் பதில் ஆலையை முருங்கனிலேயே கட்டியிருக்கலாமே? தராசைக் கேட்போம். ஒரு டன் சிமெண்ட் கட்டிக்குச் சுமாராக ஒன்றேகால் டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். களிமண் அதில் நான்கில் ஒரு பங்கு இருந்தால் போதும். ஆலை முருங்கனில் இருந்தால் ஒன்றேகால் டன் கல் தெற்கே போக வேண்டும், அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவான எடை வாயுவாகப் பறந்துவிடும். காங்கேசன்துறையில் இருந்தால் 300 கிலோ மண் வடக்கே வந்தால் போதும். சிறியது பெரியதைத் தேடி வந்தது. அந்தச் சரக்கு ரயிலின் திசையையே ஒரு வாயுவின் எடை தீர்மானித்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

தமிழ்நாட்டில் கல்லக்குடிக் கதைக்கும் இதே வேர்தான். அங்குள்ள சுண்ணாம்புக்கல் இன்னும் பழையது, டைனோசர் காலத்துப் பவளத்திட்டு. 1939-ல் டால்மியா சிமெண்ட் ஆலை கல்லைத் தேடி அந்த ஊருக்கு வந்தது. ரயில் நிலையத்தின் பெயரே டால்மியாபுரம் ஆனது. அந்தப் பெயரை மாற்றக் கோரி 1953 ஜூலை 15-ல் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மறியலின் அடியில் ஒரு பழைய கடலின் பவளப்பாறை கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் நம் பிள்ளைகளுக்கு வரலாறும் புவியியலும் ஒன்றாக மனதில் நிற்கும்.

காங்கேசன்துறை ஆலை 1990-ல் போரில் நின்றது. ஆலையைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு வடக்கே ரயிலும் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதையைப் புதிதாகப் போட்டு 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு ரயில் மறுபடி வந்தது. ஆலை திரும்பவில்லை. யாழ்தேவி ரயிலில் கடைசி நிலையம் வரை போகிறவர்கள், அந்தப் பாதையின் கடைசிக் கிலோமீட்டர்கள் ஒரு காலத்தில் எந்த மண்ணையும் எந்த மூட்டைகளையும் சுமந்தன என்று அறியாமல் இறங்குகிறார்கள். நிலையத்தில் அதைச் சொல்லும் ஒரு பலகை வைப்பது பெரிய செலவில்லை.

பள்ளத்தில் நிற்கும் தண்ணீர்

கல் எடுத்த பள்ளங்களின் கதையைச் சொல்லாமல் ஆலையின் கதையை முடிப்பது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல மழைக்காலத்து வழுக்கியாறு மட்டும்தான். குடிப்பதும் பாய்ச்சுவதும் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தாங்குவது இதே சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசாகப் புளித்து இறங்குகிறது. கல்லை அணு அணுவாகக் கரைத்துப் பொந்துகளும் நிலத்தடி வழிகளும் செய்கிறது. கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊற்றெடுப்பதும், புத்தூர் நிலாவரைக் கிணறு அவ்வளவு ஆழமாக இருப்பதும் இப்படித்தான். நெருப்பு கல்லிலிருந்து துரத்தும் அதே வாயு, தண்ணீரோடு வந்து கல்லைக் கரைக்கிறது.

இந்தப் பொந்துகளில் நன்னீர், அடியில் பரவிய கடல்நீரின் மேல் மிதக்கிறது. கல்லை ஆழமாக வெட்டி எடுத்தால் மழைநீர் தங்கும் இடம் குறையும், உப்புநீர் மேலேறும் வழி அகலும். ஆகவே அந்த ஆலையை மறுபடி ஓட்டும் யோசனை எழும்போதெல்லாம், எத்தனை டன் சிமெண்ட் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது எத்தனை கிணறு என்பதுதான். தொழிலின் நினைவைக் காப்பாற்ற விரும்புவதும் அதே தொழிலை அதே இடத்தில் மறுபடி விரும்பாமலிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணில்லை.

இடிபாட்டை எப்படிப் படிப்பது

இங்கிலாந்தில் லாங்க்ளிஃப் என்ற ஊரில், செட்டில்–கார்லைல் ரயில் பாதையின் ஓரத்தில், 1873-ல் கட்டிய ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருக்கிறது. நீள்வட்டமான சுரங்கம் போன்ற கட்டடம், 22 அறைகள். நெருப்பு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்ந்து வாரக்கணக்கில் சுற்றி வரும். முன்னால் உள்ள அறையில் கல் சூடேறும், பின்னால் உள்ள அறையில் சுண்ணாம்பு ஆறும். வெப்பம் வீணாகாமல் இருக்க ஹாப்மன் என்ற ஜெர்மானியர் கண்ட வழி அது. நம் ஊர்ச் செங்கல் சூளைகளில் நெருப்பு ஓடுகால் வழியாகச் சுற்றி வருவதும் அதன் உறவுதான். லாங்க்ளிஃப் காளவாயை அரசு பாதுகாக்கிறது, மக்கள் உள்ளே நடந்து பார்க்கிறார்கள்.

நம்மிடம் இத்தகைய இடங்கள் பழைய இரும்பு விலைக்குப் போய்விடுகின்றன. போகுமுன் குறித்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. முதலில் காளவாய் வாயின் உயரமும் தண்டவாள மட்டத்தின் உயரமும்: இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சரக்கை ஆள் தூக்கினாரா புவியீர்ப்பு இறக்கியதா என்று சொல்லும். ஏற்றுமிடத்துக்குக் கூரை இருந்த அடையாளம், தூணின் குழி அல்லது சுவரில் பதித்த கொக்கி, அங்கே சுட்ட சுண்ணாம்பு ஏற்றினார்களா வெறும் கல் ஏற்றினார்களா என்பதைக் காட்டிக்கொடுக்கும். கூரை இருந்தால் ஈரத்துக்குப் பயந்திருக்கிறார்கள். அப்புறம் சாம்பல் மேடு. அதில் விறகுக் கரியா நிலக்கரிக் கசடா என்று பார்த்தால் எரிபொருள் காட்டிலிருந்து வந்ததா ரயிலில் வந்ததா என்று தெரியும்.

கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புக் காரைக்கு நுண்துளைகள் உண்டு. சுவருக்குள் ஏறிய ஈரம் அவற்றின் வழியாக வெளியேறிவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கும், உப்பு பூக்கும், சில மழைக்காலங்களில் பூச்சு பழைய காரையையும் பிய்த்துக்கொண்டு விழும். செங்கோட்டை–கொல்லம் பாதையில் கழுதுருட்டி அருகே நிற்கும் பதின்மூன்று கண் பாலம் போன்ற நூற்றாண்டு கடந்த கல் வேலைகளுக்குப் பொருத்தமான மருந்து மறுபடியும் சுண்ணாம்புதான். அதை நீற்றத் தெரிந்த கைகள் கேரளத்தின் காயல் கரைகளில் இன்னும் இருக்கின்றன. பொதுப்பணித் துறைகளும் தொல்லியல் துறைகளும் தங்கள் ஒப்பந்தப் பட்டியலில் சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் நீற்றுகக்கைக்கும் ஒரு வரி ஒதுக்கினால், அந்தக் கைகளுக்கு வேலை கிடைக்கும்.